முதலாம் ஆண்டு அறிவியல்: நோட்டுப் புத்தகம் ஏன் காலியாக இருக்கிறது?

சில வாரங்களுக்கு முன் செந்தூல் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் அடுக்குமாடியில் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் ஒரு தாயார் என்னைப் பார்த்ததும் அருகில் வந்தார். அவருடைய மகன் இவ்வாண்டுதான் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் சேர்ந்திருக்கிறான்.

"டீச்சர், பள்ளி திறந்து மூன்று மாதமாகிவிட்டது. அறிவியல் நோட்டைத் திறந்தால் ஒரு காது படம், ஓர் இலை படம், அவ்வளவுதான். ஒரு வரி விளக்கம்கூட இல்லை. போன வாரம் நாலு விதமான இலை கொண்டுவரச் சொன்னார்களாம். இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு எப்போதுதான் தொடங்கும்?"

"படிப்பு தொடங்கிவிட்டதுங்க" என்றேன். அவர் நம்பவில்லை. மீனை வெட்டிக் கொடுத்துவிட்டார்கள், எனக்கும் நேரமாகிவிட்டது. அன்று சொல்ல முடியாமல் போன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் முதலாம் ஆண்டுப் பிள்ளை இருந்தால், இதே கேள்வி உங்களுக்கும் எழுந்திருக்கும்.

என்ன மாறியது?

நம்மில் பலர் அறிவியல் படித்த விதம் வேறு. ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவார். நாம் பார்த்து எழுதுவோம். தேர்வுக்கு முதல் நாள் மனப்பாடம் செய்வோம். "காந்தம் என்றால் என்ன?" என்று கேட்டால் ஒரே வரியில் விடை வரும். அந்த விடை நமக்குப் புரிந்ததா என்று யாரும் கேட்டதில்லை.

தொடக்கப்பள்ளிக்கான தரக் கலைத்திட்டம் 2011இல் முதலாம் ஆண்டில் அறிமுகமானது. அப்போது முதல் மூன்று ஆண்டுகளுக்கு அறிவியல் தனிப்பாடமாக இல்லை. தொழில்நுட்பத்தோடு சேர்ந்தே வந்தது. 2017இல் சீரமைக்கப்பட்ட கலைத்திட்டம் தொடங்கியபோது, முதலாம் ஆண்டிலிருந்தே அறிவியல் தனிப்பாடமானது. அந்தப் பாடத்தை எப்படி நடத்த வேண்டும் என்பதற்குக் கலைத்திட்டம் முன்வைக்கும் முதன்மையான வழி, கண்டறிமுறை. அதாவது, விடையை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு விளக்குவதில்லை. கேள்வியை முதலில் வைத்து, பிள்ளைகள் பார்த்தும் தொட்டும் செய்தும் விடையை நெருங்கும்படி வழிநடத்துவது.

தேர்வுகளும் மாறின. முதல் மூன்று ஆண்டுகளுக்கான பள்ளித் தேர்வுகள் 2019 முதல் நிறுத்தப்பட்டன. 1988 முதல் நடந்துவந்த யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் முற்றாக அகற்றப்பட்டது. ஆகவே, புள்ளிகளை வைத்துப் பிள்ளையின் நிலையைத் தெரிந்துகொண்ட பெற்றோர்களுக்கு, கையில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாதது போன்ற உணர்வு. அந்தத் தாயாரின் கவலையும் இதுதான். அது நியாயமான கவலை.

மாற்றம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஒரு கணக்கைப் பார்க்கலாம். பல நாட்டு மாணவர்களின் கணித, அறிவியல் திறனை ஒப்பிடும் டிம்ஸ் ஆய்வில், நம் நாட்டின் படிவம் 2 மாணவர்கள் 2003ஆம் ஆண்டு அறிவியலில் 510 புள்ளிகள் பெற்றார்கள். அந்த அளவுகோலின் நடுப்புள்ளி 500. எட்டே ஆண்டுகளில், 2011இல், அது 426ஆகச் சரிந்தது. அந்த ஆய்வு மனப்பாடத்தை மட்டும் சோதிப்பதில்லை. தெரிந்ததைப் புதிய சூழலில் பயன்படுத்தவும், காரணம் சொல்லவும் மாணவர்களால் முடிகிறதா என்றும் பார்க்கிறது. உள்ளூர்த் தேர்வில் சிறந்த புள்ளி எடுத்த பிள்ளைகளுக்கும் அங்கே சிக்கல் இருந்தது.

ஓராண்டில் என்னென்ன படிப்பார்கள்?

முதலாம் ஆண்டுப் பாடநூலைப் புரட்டினால் நீங்கள் காணப்போகும் பகுதிகள் இவை: அறிவியல் திறன்கள், அறிவியல் அறையின் விதிமுறைகள், உயிருள்ளவையும் உயிரற்றவையும், மனிதனின் ஐம்புலன்கள், விலங்குகளின் உடல் உறுப்புகள், தாவரங்களின் பாகங்கள், காந்தம், நீரை ஈர்க்கும் தன்மை, பூமியின் மேற்பரப்பும் மண்ணும், அடிப்படை வடிவங்களைக் கொண்டு உருமாதிரி கட்டுவது.

பட்டியல் சிறியதுதான். 'இவ்வளவுதானா?' என்று தோன்றலாம். ஆனால் இந்த ஆண்டில் பாடப்பொருளைவிட முக்கியமானது பழக்கம்.

அறிவியல் செயற்பாங்குத் திறன்கள் என்று 12 திறன்களைக் கலைத்திட்டம் குறிப்பிடுகிறது. உற்றறிதல், வகைப்படுத்துதல், அளவெடுத்தல், ஊகித்தல், முன்அனுமானித்தல், தொடர்பு கொள்ளுதல் எனத் தொடங்கி, மாறிகளைக் கட்டுப்படுத்துதல், கருதுகோள் உருவாக்குதல், பரிசோதனை செய்தல் வரை அவை நீள்கின்றன. இவை அனைத்தும் ஒரே ஆண்டில் வருவதில்லை; ஆறு ஆண்டுகளில் படிப்படியாக வருகின்றன. முதலாம் ஆண்டில் முதலிடம் இரண்டுக்கு மட்டும்: உற்றறிதல், தொடர்பு கொள்ளுதல். புலன்களைக் கொண்டு கவனமாகப் பார்ப்பது. பார்த்ததைப் பேசியோ வரைந்தோ எழுதியோ மற்றவருக்குச் சொல்வது.

இப்போது அந்த இலைப் படத்தை மீண்டும் பாருங்கள். இலையின் ஓரம் நேராக இருக்கிறதா, பற்பற்களாக இருக்கிறதா? நரம்புகள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றனவா, பக்கம் பக்கமாக நேர்க்கோடுகளாக ஓடுகின்றனவா? செம்பருத்தி இலையையும் புல்லின் இலையையும் அருகருகே வைத்து வரைந்த பிள்ளை, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தன் கண்ணால் கண்டிருக்கிறது. வலைப்பின்னல் நரம்பு, இணைநரம்பு என்ற பெயர்கள் பிறகு வந்து அந்தக் காட்சியின் மேல் அமரும். காட்சி இல்லாமல் பெயர் மட்டும் வந்தால், தேர்வு முடிந்த மறுநாள் அது மறந்துவிடும்.

நம் வட்டாரத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. செந்தூல் என்ற பெயர் ஒரு பழ மரத்தின் பெயரிலிருந்து வந்தது. செந்தூல் மரம், மஞ்சள் நிறத்தில் பந்து போன்ற பழம் தரும் மரம். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எத்தனை பேர் அந்த மரத்தின் இலையைப் பார்த்திருக்கிறோம்? ஊர்ப்பெயரை நாள்தோறும் சொல்கிறோம், மரத்தைத் தெரியாது. வெறும் மனப்பாடமும் அப்படித்தான்.

வகுப்பில் ஒரு பாடம் எப்படி நடக்கும்?

நீரை ஈர்க்கும் தன்மை என்ற பாடத்தை எடுத்துக்கொள்வோம். பழைய முறையில் ஆசிரியர் இரண்டு பட்டியல் போடுவார்: நீரை ஈர்க்கும் பொருள்கள், நீரை ஈர்க்காத பொருள்கள். பத்து நிமிடத்தில் பாடம் முடிந்துவிடும்.

கண்டறிமுறையில் ஆசிரியர் மேசைமேல் கொஞ்சம் மைலோவைக் கொட்டிவிடுகிறார். "அடடா! எதைக் கொண்டு துடைக்கலாம்?" என்று கேட்கிறார். முன்னால் மெல்லிழைத்தாள், பருத்தித் துணி, பஞ்சு, நெகிழிப் பை, அலுமினியத் தாள் ஆகியவை இருக்கின்றன. இது ஆர்வத்தைத் தூண்டும் கட்டம்.

அடுத்து, ஒவ்வொரு குழுவும் தன் முன்அனுமானத்தைச் சொல்கிறது. எது அதிகமாக ஈர்க்கும்? ஏன் அப்படி நினைக்கிறீர்கள்? பிறகு செய்து பார்க்கிறார்கள். இங்கேதான் நல்ல ஆசிரியரின் திறமை தெரியும். ஒரு குழு பெரிய துணியையும் சின்னத் தாளையும் எடுத்துக்கொள்கிறது. ஆசிரியர் குறுக்கிடுகிறார்: "பெரிய துணிக்கும் சின்னத் தாளுக்கும் போட்டி வைத்தால் நியாயமா?" "இல்லை டீச்சர், ரெண்டும் ஒரே அளவா இருக்கணும்." "தண்ணீர்?" "அதுவும் ஒரே அளவு!" எல்லாவற்றையும் ஒரே அளவில் வெட்டி, சொட்டுக்குழாயால் ஆளுக்குப் பத்துச் சொட்டு விடுகிறார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு 'கட்டுப்படுத்தப்பட்ட மாறி' என்ற சொல் தெரியாது. ஆனால் அதன் பொருள் புரிந்துவிட்டது.

சில நேரம் எதிர்பாராதது நடக்கும். புத்தம் புதிய துண்டில் சொட்டு விட்டால், தண்ணீர் உள்ளே இறங்காமல் முத்தாக நிற்கும். "துணி தண்ணீரை ஈர்க்கும் என்று சொன்னோமே?" என்று வகுப்பே திகைக்கும். புதுத் துணியில் பூசப்பட்டிருக்கும் மெருகுப் பொருள் நீரைத் தடுக்கிறது. துணி மென்மையாவதற்கு நாம் ஊற்றும் திரவமும் ஓரளவு அப்படித்தான் செய்கிறது. இரண்டு முறை அலசிவிட்டு மறுபடியும் சோதிக்கலாம் என்று ஒரு பிள்ளை சொன்னால், அன்றைய பாடம் பலித்துவிட்டது.

அதன் பிறகுதான் விளக்கம் வருகிறது. இந்தப் பொருளில் சிறுசிறு இடைவெளிகள் இருக்கின்றன, தண்ணீர் அவற்றுக்குள் செல்கிறது. அந்தப் பொருளில் இடைவெளி இல்லை. அடுத்து, கற்றதை வேறோர் இடத்தில் பொருத்திப் பார்க்கிறார்கள். மழைச்சட்டையை எதனால் செய்யலாம்? கால்மிதியை எதனால் செய்யலாம்? கடைசியாக மதிப்பீடு. அது எழுத்துத் தேர்வாக இருக்க வேண்டியதில்லை. பிள்ளை எந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தது, என்ன காரணம் சொன்னது என்பதை ஆசிரியர் குறித்துக்கொள்கிறார்.

தூண்டுதல், ஆராய்தல், விளக்குதல், விரிவுபடுத்துதல், மதிப்பிடுதல் என்ற இந்த ஐந்து கட்ட முறை, 1980களில் அமெரிக்காவில் ரோஜர் பைபீயும் அவருடைய குழுவினரும் உருவாக்கியது. இன்று பல நாடுகளில் பயன்படுகிறது. ஒரு மணி நேரம் நடந்த இந்தப் பாடத்துக்கு நோட்டில் மிஞ்சுவது ஒரு சின்னப் படமும் சில சொற்களும்தான். நோட்டு காலியாகத் தெரிவதற்குக் காரணம் இதுவே.

தவறான எண்ணத்தை எப்படி மாற்றுவது?

பிள்ளைகள் காலித் தலையோடு பள்ளிக்கு வருவதில்லை. உலகத்தைப் பற்றி அவர்களுக்கு ஏற்கெனவே பல முடிவுகள் உண்டு. அவற்றில் ஒன்று: "காந்தம் எல்லா இரும்புச் சாமானையும் ஈர்க்கும்." அவர்கள் மொழியில் பளபளப்பானதெல்லாம் இரும்பு. நம் பெரியவர்களிலும் பலர், காந்தம் எல்லா உலோகத்தையும் ஈர்க்கும் என்றே நினைக்கிறார்கள்.

'அலுமினியத்தைக் காந்தம் ஈர்க்காது' என்று எழுதிக் கொடுத்தால் பிள்ளை எழுதிக்கொள்ளும். மனத்துக்குள் பழைய எண்ணம் அப்படியே இருக்கும். மாறாக, ஒரு காந்தத்தைக் கையில் கொடுத்து, மைலோ டின்னையும் காற்றடைத்த பானத்தின் டின்னையும் மேசைமேல் வையுங்கள். இரண்டும் டின், இரண்டும் பளபளக்கின்றன. எது ஒட்டும் என்று முதலில் சொல்ல வையுங்கள். மைலோ டின் எஃகுத் தகட்டால் ஆனது, ஒட்டும். பானத்தின் டின் பெரும்பாலும் அலுமினியம், ஒட்டாது. 'ரெண்டும் ஒட்டும்' என்று உறுதியாகச் சொன்ன பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். அந்தத் திகைப்பில்தான் பழைய எண்ணம் அசைகிறது. முன்அனுமானம் சொல்ல வைத்த பிறகே செய்து காட்ட வேண்டும் என்பது இதனால்தான். அனுமானம் சொல்லாத பிள்ளைக்கு அது வேடிக்கை மட்டுமே. சொன்ன பிள்ளைக்கு அது தன் சொந்தக் கேள்வி.

ஓர் எச்சரிக்கை. சிறிய உருண்டைக் காந்தங்களையும் பொத்தான் மின்கலங்களையும் சிறு பிள்ளைகளிடம் தராதீர்கள். இரண்டு வலுவான காந்தங்களை விழுங்கினால், குடலின் இரு மடிப்புகளுக்கு இடையே அவை ஒன்றையொன்று ஈர்த்துக் கடும் காயம் உண்டாக்கும். குளிர்பெட்டியில் ஒட்டும் பெரிய காந்தமே போதும்.

பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடலாமா?

கூடாது. கண்டறிமுறை என்றால் ஆசிரியர் ஓரமாக உட்கார்ந்திருப்பது என்று சிலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 2006இல் பால் கிர்ஷ்னர், ஜான் ஸ்வெல்லர், ரிச்சர்ட் கிளார்க் ஆகிய மூவர் ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் இதைக் கடுமையாக விமர்சித்தார்கள். புதிதாகக் கற்பவரிடம் போதிய வழிகாட்டல் இல்லாமல் 'நீயே கண்டுபிடி' என்று விட்டால், மூளையின் செயல்நினைவு திணறிப்போகும்; கற்றல் நடக்காது என்பது அவர்கள் வாதம். அந்த எச்சரிக்கையில் உண்மை இருக்கிறது. காந்தத்தைக் கையில் கொடுத்து அரை மணி நேரம் விட்டால், பிள்ளைகள் விளையாடிவிட்டு எழுந்து போவார்கள். 'ஒரே அளவு வேண்டாமா?' என்று சரியான நேரத்தில் கேட்க ஓர் ஆசிரியர் வேண்டும். செய்து முடித்த பிறகு, கண்டதை ஒழுங்குபடுத்தித் தெளிவாக விளக்கவும் வேண்டும்.

இந்தியாவில் இதற்கு ஒரு நீண்ட அனுபவம் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 1972ஆம் ஆண்டு 16 கிராமப்புற நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. விலையுயர்ந்த ஆய்வுக்கூடம் கிடையாது. எளிய பொருள்களைக் கொண்டு பிள்ளைகளே சோதனை செய்து, விடையைத் தங்கள் நோட்டில் தாங்களே எழுதினார்கள். பின்னர் அது மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. அத்திட்டத்தின் இரண்டு அம்சங்களை நாம் கவனிக்க வேண்டும். ஒன்று, ஆசிரியர்களுக்கு இடைவிடாத பயிற்சி. மற்றொன்று, தேர்வையும் மாற்றினார்கள்: புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் தேர்வு, கூடவே செய்முறைத் தேர்வு. கற்பிக்கும் முறை ஒன்றாகவும் சோதிக்கும் முறை வேறாகவும் இருந்தால் எதுவும் நிலைக்காது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். முப்பது ஆண்டுகள் நடந்த அத்திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. நல்ல முறையாக இருந்தால் மட்டும் போதாது. பெற்றோரும் சமூகமும் அதைப் புரிந்துகொண்டு உடன்நிற்க வேண்டும் என்று அதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆகவே, உங்கள் பிள்ளையின் ஆசிரியரைச் சந்திக்கும்போது 'ஏன் நோட்டில் ஒன்றும் இல்லை?' என்று கேட்பதற்குப் பதில், 'இந்த வாரம் என்ன செய்து பார்த்தார்கள்? கடைசியில் என்ன முடிவுக்கு வந்தார்கள்?' என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் இல்லையென்றால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும்.

அறிக்கையில் உள்ள எண்ணுக்கு என்ன பொருள்?

வகுப்பறை மதிப்பீட்டு அறிக்கையில் 1 முதல் 6 வரை ஓர் அடைவுநிலை இருக்கும். '3' என்று பார்த்ததும், 'ஆறுக்கு மூன்று, அப்படியென்றால் 50 புள்ளி' என்று கணக்குப் போடாதீர்கள். அது புள்ளி அல்ல. மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்ட வரிசையும் அல்ல. பிள்ளையால் எந்த வகையான வேலையைச் செய்ய முடிகிறது என்பதைக் காட்டும் படி.

அறிவியலில் முதல் படி நினைவுகூர்வது, இரண்டாவது புரிந்துகொள்வது, மூன்றாவது புரிந்ததைப் பயன்படுத்துவது. நான்காவது பகுத்தாய்வது, ஐந்தாவது மதிப்பிடுவது, ஆறாவது புதிதாக உருவாக்குவது. காந்தத்தையே எடுத்துக்கொண்டால், காந்தத்தின் வடிவங்களைச் சொல்வது கீழ்ப்படி. ஒரே முனைகள் விலக்கும், வெவ்வேறு முனைகள் ஈர்க்கும் என்பதைப் பயன்படுத்தி ஒரு வேலையைச் செய்து காட்டுவது அதற்கு மேல். காந்தத்தைக் கொண்டு தானே ஒரு பொம்மையை வடிவமைப்பது உச்சிப் படி. முதலாம் ஆண்டில் ஒரு பிள்ளை கற்றதைப் பயன்படுத்தும் நிலையை அடைந்திருந்தால், அது மகிழ வேண்டிய செய்தி. தாழ்ந்த படியில் இருந்தால், 'எந்த இடத்தில் தடுமாறுகிறான், நாங்கள் வீட்டில் என்ன செய்யலாம்?' என்று கேட்பதற்கு அது ஒரு வாய்ப்பு.

நான்காம் ஆண்டிலிருந்து கல்வியாண்டு இறுதித் தேர்வு உண்டு, அறிவியலும் அதில் அடங்கும். ஆகவே தேர்வே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். முதல் மூன்று ஆண்டுகள், பழக்கத்தை ஊன்றுவதற்குக் கிடைத்திருக்கும் அமைதியான காலம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

இதற்கு டியூஷன் தேவையில்லை, பணமும் தேவையில்லை. மூன்று சோதனைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, பனிக்கட்டி. ஒரே அளவான இரண்டு பனிக்கட்டிகளைத் தனித்தனிச் சிறு நெகிழிப் பைகளில் போட்டுக் கட்டுங்கள். ஒன்றைத் தடித்த துண்டில் நன்றாகச் சுற்றுங்கள். மற்றதை அப்படியே தட்டில் வையுங்கள். எது முதலில் உருகும்? பெரும்பாலான பிள்ளைகள், 'துண்டுக்குள் சூடு, அதனால் அதுதான் உருகும்' என்பார்கள். அரை மணி நேரம் கழித்துப் பிரித்துப் பாருங்கள். துண்டுக்குள் இருப்பதே பெரிதாக இருக்கும். துண்டு சூட்டை உண்டாக்குவதில்லை. வெளியே உள்ள வெப்பம் உள்ளே வருவதைத் தாமதப்படுத்துகிறது. பிறகு பிள்ளையைச் சந்தைக்கு அழைத்துப் போய், மீன்காரர் பனிக்கட்டியை ஏன் தடித்த வெள்ளைப் பெட்டியில் வைத்திருக்கிறார் என்று கேளுங்கள்.

இரண்டாவது, பச்சைப்பயறு. இரண்டு கிண்ணங்களில் ஈரப்பஞ்சு வைத்துப் பயறு தூவுங்கள். ஒன்றைச் சன்னலோரம் வையுங்கள், மற்றதை அலமாரிக்குள் மூடி வையுங்கள். இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர். 'இருட்டில் முளைக்காது' என்பதே பொதுவான அனுமானம். ஒரு வாரத்தில், இருட்டில் இருந்தவை வெளிறிப்போய், ஆனால் அதிக உயரமாக நீண்டு நிற்பதைக் காண்பீர்கள். வெளிச்சத்தைத் தேடி, விதையில் இருந்த உணவைச் செலவழித்து அவை நீள்கின்றன. வெளிச்சம் கிடைத்தவை குட்டையாக, பச்சையாக, உறுதியாக இருக்கும். நாம் சந்தையில் வாங்கும் தௌகே வெள்ளையாக, நீளமாக இருப்பதற்கும் இதே காரணம்தான். அது இருட்டில் வளர்க்கப்படுவது.

மூன்றாவது, ஈரத்துணி. அடுக்குமாடியில் துணி காயப்போடும் சிரமம் நமக்குத் தெரியும். மதியம் மூன்று மணிக்கு மழை இருட்டிக்கொண்டு வந்துவிடும். ஒரே மாதிரியான இரண்டு கைக்குட்டைகளை நனைத்துப் பிழிந்து, ஒன்றை விரித்தும் மற்றதை மடித்தும் தொங்கவிடுங்கள். எது முதலில் காயும், ஏன்? அடுத்த நாள் விசிறிக்கு முன்னால் ஒன்று, விசிறி இல்லாத இடத்தில் ஒன்று. நாள்தோறும் நீங்கள் செய்யும் வேலையே பாடமாகிறது.

இவற்றைச் செய்யும்போது மூன்று கேள்விகள் போதும். என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்? என்ன பார்த்தாய்? உனக்கு எப்படித் தெரியும்? கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் விடைக்காகக் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக்கியதும் பிள்ளைகளின் விடைகள் நீண்டன, காரணத்தோடு பேசினார்கள், 'தெரியாது' என்ற பதில் குறைந்தது. மூன்று விநாடி என்பது சிறிய நேரம்தான். ஆனால் பெற்றோர்களாகிய நமக்கு அது மிகவும் கடினம். முயன்று பாருங்கள்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. பிள்ளை செய்ய வேண்டிய உருமாதிரியை நீங்கள் அழகாகச் செய்து அனுப்பாதீர்கள். கோணலாக நிற்கும் வீடும் ஒழுகும் மழைச்சட்டையும் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பதை, நீங்கள் ஒட்டிக் கொடுத்த மாளிகை கற்றுக்கொடுக்காது.

படிவம் 1இல் நான் காண்பது

இடைநிலைப்பள்ளி ஆசிரியை தொடக்கப்பள்ளியைப் பற்றி ஏன் இவ்வளவு எழுதுகிறார் என்று நீங்கள் நினைக்கலாம். படிவம் 1 அறிவியலின் முதல் அத்தியாயமே அறிவியல் ஆய்வு முறைதான். தொடக்கப்பள்ளியில் விதைத்தது முளைத்ததா என்பது அங்கே தெரிந்துவிடும்.

ஒருமுறை ஊசல் சோதனை செய்தோம். கயிற்றில் சிறு எடையைக் கட்டி ஆடவிட்டு, பத்து ஆட்டங்களுக்கு ஆகும் நேரத்தை அளக்க வேண்டும். கயிற்றின் நீளம் 25 சென்டிமீட்டராக இருந்தபோது ஒரு மாணவிக்கு 10 விநாடி கிடைத்தது. 50 சென்டிமீட்டருக்கு 14 விநாடி. சிறிது நேரம் கழித்து அவள் மேசைக்குப் போனேன். 14ஐ ரப்பரால் அழித்துவிட்டு 20 என்று எழுதியிருந்தாள். "ஏன் அழித்தாய்?" என்றேன். "கயிறு ரெண்டு மடங்காச்சே டீச்சர், நேரமும் ரெண்டு மடங்காத்தானே வரணும்? நான் தப்பா அளந்துட்டேன்."

அவள் அளந்தது மிகச் சரி. நீளம் இரண்டு மடங்கானால் ஊசலின் நேரம் இரண்டு மடங்காகாது, ஏறத்தாழ 1.4 மடங்குதான் ஆகும். நேரம் இரண்டு மடங்காக, நீளம் நான்கு மடங்காக வேண்டும். அவள் கண்ணும் கையும் உண்மையைச் சொல்லின. 'சரியான விடை' என்று அவள் மனத்தில் இருந்த ஒன்று அந்த உண்மையை அழித்துவிட்டது. நன்றாகப் படிக்கும் பிள்ளை அவள். தவறு அவளுடையது அல்ல. விடைதான் முக்கியம், பார்த்தது முக்கியமல்ல என்று பல ஆண்டுகளாக நாம் எல்லாரும் சேர்ந்து பழக்கிவிட்டோம். மறுபடியும் மூன்று முறை அளக்கச் சொன்னேன். மூன்று முறையும் 14ஐ ஒட்டியே வந்தது. அதன் பிறகு 20ஐ அவளே அழித்தாள்.

இன்னொரு கவலையையும் பெற்றோர்கள் சொல்வதுண்டு. 'தமிழில் அறிவியல் படித்துவிட்டு, படிவம் 1இல் மலாய்மொழியில் எப்படிச் சமாளிப்பான்?' சொற்கள் மாறுவதில் சிரமம் இருப்பது உண்மைதான். ஆனால், பத்துச் சொட்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று புரிந்துகொண்ட பிள்ளைக்கு, மாறி என்பதற்கான மலாய்ச் சொல் ஒரு புதுச்சொல் மட்டுமே. பொருள் புரியாத பிள்ளைக்கு எந்த மொழியிலும் அது வெறும் ஓசை. ஏழு வயதில், தான் நினைப்பதைத் தடையின்றிச் சொல்லத் தாய்மொழி உதவுகிறது. தொடர்பு கொள்ளுதல் என்ற திறனுக்கு அதைவிட நல்ல களம் கிடையாது. மேல் வகுப்புகளுக்குப் போகப் போக, அதே பொருளுக்கு மலாய்ச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் சேர்த்துச் சொல்லிப் பழக்கினால் போதும்.

சந்தையில் என்னைக் கேட்ட அந்தத் தாயாருக்கு இந்தப் பக்கத்தைக் கொடுக்கப்போகிறேன். உங்கள் வீட்டிலும் இன்று மாலை அறிவியல் நோட்டைத் திறந்து, அந்த இலைப் படத்தைக் காட்டிப் பிள்ளையிடம் கேளுங்கள்: "இதில் நீ என்ன பார்த்தாய்?" கேட்டுவிட்டு மூன்று விநாடி பொறுத்திருங்கள். நோட்டில் இல்லாத பாடம் பிள்ளையின் வாயிலிருந்து வரும்.